ஒதுக்கீடும் ஒதுக்கலும்: உள்ளூர் அருங்காட்சியகங்களுக்கான போராட்டமும் நாமும்



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தத் தோழரின் வீட்டுக்குப் போனவர்களுக்கு அவருடைய தகரப் பெட்டி தெரிந்திருக்கும். ஏறத்தாழ முப்பது வருடம் அவர் சேர்த்தவை அதில் இருந்தன. இரட்டைக் குவளையை எதிர்த்து நடந்த கூட்டத்தின் நோட்டீஸ், சுடுகாட்டுப் பாதை கேட்டுக் கொடுத்த மனுக்களின் நகல், அமைப்புகளின் துண்டறிக்கைகள், ஊரில் பறையடிக்க மறுத்த ஆண்டின் புகைப்படங்கள். அவர் மறைந்த பிறகு அக்கா அந்தப் பெட்டியைப் பரண்மேல் வைத்துக் காத்துவந்தார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில், பாறையும் மண்ணும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். உயிர் போன நேரத்தில் காகிதம் போனதைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்ததால் சில வாரங்கள் கழித்துத்தான் பெட்டியைத் திறந்தோம். பாதிக்கு மேல் கூழாகியிருந்தது. அக்கா கோபப்படவில்லை. "எங்கியாவது குடுத்து வைக்கலாம்னு அப்பவே நெனச்சம்பா, எங்க குடுக்கறதுன்னுதான் தெரியல" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சமூகவியல் படித்தவன், இருபது வருடமாக இயக்கங்களில் இருப்பவன், எனக்கே தெரியவில்லை. இந்தப் பேருரை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு சமூகத்தின் பொருள்களை யார் காப்பது? அதற்கு யார் பணம் கொடுப்பது? கொடுத்த பணத்தை நிறுத்தினால் யார் கேட்பது?

நம் ஊரும் அதன் கற்களும்

திருவண்ணாமலையில் வரலாற்றுக்குக் குறைவில்லை. பெரிய கோயிலின் சுவர்களில் அரசர்களின் கொடைகள் கல்லில் இருக்கின்றன. யார் நிலம் கொடுத்தார்கள், யார் விளக்கெரிக்க ஆடு கொடுத்தார்கள் என்பதெல்லாம் பெயரோடு பதிவாகியிருக்கின்றன. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களின் பெயர் மட்டும் அங்கே தேடினால் கிடைக்காது.

2002-இல் இந்தியத் தொல்லியல் துறை இந்தக் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக எடுத்துக்கொள்ள முற்பட்டது. ஊர் எதிர்த்தது. போராட்டமும் வழக்கும் நடந்தன. முடிவில் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்திலேயே நின்றது. அந்தப் போராட்டம் சரியா தவறா என்று இங்கே விவாதிக்க வரவில்லை. இந்த ஊருக்குத் தன் பாரம்பரியத்துக்காகத் தெருவில் இறங்கத் தெரியும் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். எந்தப் பாரம்பரியத்துக்காக இறங்குகிறது என்பதுதான் நம் கேள்வி.

நம் மாவட்டத்தின் இன்னொரு பெரிய செல்வம் நடுகற்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்களை 1970-களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி பதிப்பில் தமிழ்நாடு தொல்லியல் துறை நூலாக வெளியிட்டது. பெரும்பாலும் பல்லவர் காலத்தவை. அரசர்களுக்கான கற்கள் அல்ல இவை. மாடு கவரப்பட்டபோது மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் எடுத்த கல். அவற்றுள் தண்டராம்பட்டுப் பக்கத்து எடுத்தனூர் நடுகல் பலரும் அறிந்தது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தொறு மீட்டு இறந்த கருந்தேவகத்தி என்பவனையும், அவனோடு நின்று கள்ளர்களைக் கடித்த கோவிவன் என்ற நாயையும் அந்தக் கல் பெயர் சொல்லிக் குறிக்கிறது.

ஒரு நாயின் நன்றிக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் கல் வைத்த மண் இது. நான் அந்தக் கல்லை மதிக்கிறேன். அதே தண்டராம்பட்டுப் பகுதியில்தான் தென்முடியனூர் இருக்கிறது. அங்கே முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதற்கு 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாவட்ட நிர்வாகமும் போலீசும் துணை வரத்தான் நுழைய முடிந்தது. அன்று அர்ச்சனைத் தட்டு ஏந்தி உள்ளே போன பெண்களின் நினைவை எந்தக் கல்லில் வைப்பது? அந்தத் தட்டுகளில் ஒன்று, அன்றைய ஒரு துண்டறிக்கை, ஒரு மனு நகல் இவை ஐம்பது வருடம் கழித்து ஒரு மாணவியின் கண்ணில் பட வேண்டுமென்றால், அவற்றை வைக்க ஓர் அறை வேண்டும். அந்த அறைக்குக் கூரை வேண்டும், காவலர் வேண்டும், பதிவேடு வேண்டும், ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பு வேண்டும்.

அருங்காட்சியகம் என்றால் பழம்பெருமை என்று பழக்கப்பட்டிருக்கிறோம். அரசாங்கத்தின் மொழியில் அது ஒரு செலவினத் தலைப்பு. அந்தத் தலைப்பு இருந்தால் பொருள் இருக்கும். வெட்டினால் பொருள் மெல்லப் போய்விடும். எரிப்பவனுக்குக் கெட்ட பெயர் வரும், வழக்கு வரும். நிதியை நிறுத்துகிறவனுக்கு எதுவும் வராது. இதைப் புரிந்துகொண்டு தமிழ்நாட்டு மக்கள் நடத்திய அண்மைக் காலப் போராட்டம் ஒன்று உண்டு. அது கீழடி.

கீழடியில் நடந்தது

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நிதியின் கண்ணிலிருந்து அதை ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும்.

இந்தியத் தொல்லியல் துறையின் பெங்களூரு அகழாய்வுப் பிரிவு, கே. அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில், வைகைக் கரையில் கள ஆய்வு செய்து 293 இடங்களைக் கண்டறிந்தது. அதிலிருந்து சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்திலுள்ள கீழடியைத் தேர்ந்தெடுத்தது. பள்ளிச்சந்தைத் திடல் என்ற தென்னந்தோப்பு. 2014-15, 2015-16 ஆகிய இரண்டு கட்டங்களில் ஏறத்தாழ 5,800 பொருள்கள் கிடைத்தன. செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், நூல் நூற்கும் தக்களிகள், விளையாட்டுக் காய்கள், மணிகள், தமிழி எழுத்து பொறித்த பானை ஓடுகள்.

இவ்வளவு கிடைத்த பிறகு என்ன நடக்க வேண்டும்? அடுத்த கட்டத்துக்கு அனுமதியும் பணமும் வர வேண்டும். அவை மாதக் கணக்கில் தாமதமாயின. 2017 மார்ச்சில் அமர்நாத் ராமகிருஷ்ணா குவாஹாட்டிக்கு மாற்றப்பட்டார். வேறொரு அதிகாரியின் பொறுப்பில் மூன்றாம் கட்டம் சிறிய பரப்பில் நடந்தது. கட்டுமானத்தின் தொடர்ச்சி கிடைக்கவில்லை என்று சொல்லப்பட்டது. அதோடு மத்தியத் துறை விலகிக்கொண்டது.

கவனியுங்கள், யாரும் கீழடியைத் தடை செய்யவில்லை. கீழடி பொய் என்று அரசாணை போடவில்லை. அனுமதி தாமதம், இடமாற்றம், சிறிய பரப்பு, பிறகு விலகல். எல்லாம் கோப்புக்குள் நடக்கும் காரியங்கள். ஒவ்வொன்றுக்கும் நிர்வாகக் காரணம் சொல்ல முடியும். ஒரு வரலாற்றை ஓசையில்லாமல் நிறுத்தும் முறை இது. நம் மக்களுக்கு இந்த முறை மிக நன்றாகத் தெரியும். விடுதிக்குப் பணம் வராமல் போவதும், உதவித்தொகை மூன்று வருடம் தாமதமாவதும், துணைத்திட்ட நிதி வேறு செலவுக்குத் திரும்பிப் போவதும் இதே முறையில்தான்.

இதற்கு எதிராக நடந்த இயக்கத்தில் பலர் பல வேலை செய்தார்கள். வழக்கறிஞர் கனிமொழி மதி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுத்தார். தோண்டியெடுத்த பொருள்களைக் கர்நாடகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, அங்கேயே அருங்காட்சியகம் வேண்டும் என்பது கோரிக்கை. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. சு. வெங்கடேசன் ஆனந்த விகடனில் வைகை நதி நாகரிகம் பற்றித் தொடர் எழுதினார். கல்லூரி மாணவர்கள் பேருந்து பிடித்துப் போய்க் குழிகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு தென்னந்தோப்பு பொதுப் பிரச்சினையானது.

விளைவு என்ன? 2018-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நான்காம் கட்டத்தைத் தன் பணத்தில் தொடங்கியது. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 5,820 பொருள்கள். 2019 செப்டம்பரில் அறிக்கை வந்தது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580 என்று காலக்கணிப்புப் பெற்றது. எழுத்து பொறித்த 56 பானை ஓடுகள் பதிவாகின. 2023 மார்ச் 5 அன்று, 18 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் கட்டிய கீழடி அருங்காட்சியகத்தை முதலமைச்சர் திறந்துவைத்தார்.

நிறுத்தப்பட்ட நிதியை மக்கள் இன்னொரு வாசல் வழியாக மீட்டார்கள். மத்திய அரசு கைவிட்டதை மாநில அரசு எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். மாணவர்கள் இதை வெறும் தமிழ்ப் பெருமையின் கதையாகப் படிக்க வேண்டாம். வழக்கு, எழுத்து, கூட்டம், நேரில் போய்ப் பார்த்தல், மாற்று நிதி என்ற ஐந்தும் சேர்ந்த ஒரு போராட்ட முறையாகப் படியுங்கள்.

போராட்டம் முடிந்துவிடவும் இல்லை. அமர்நாத் ராமகிருஷ்ணா தன் இரண்டு கட்டங்களுக்கான 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் கொடுத்தார். 2025 மே மாதம் அதைத் திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர் தன் முடிவுகளில் நின்றார். அடுத்த மாதமே மீண்டும் இடமாற்றம். கட்டடம் எழுந்த பிறகும் கோப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

வென்ற அருங்காட்சியகத்துக்குள் நாம்

இங்கே நமக்குள் நடந்த ஒரு வாக்குவாதத்தையும் சொல்லியாக வேண்டும். கீழடி இயக்கம் சூடாக இருந்தபோது நம் தோழர்கள் சிலர், "நம்ம தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை இல்ல, இவங்க ரெண்டாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முந்தின சாக்கடையப் பாத்துப் பூரிக்கறாங்க" என்றார்கள். அதில் நியாயம் உண்டு. இன்னும் சிலர், முதல் கட்டங்களில் பெரிய வழிபாட்டுச் சின்னம் எதுவும் கிடைக்காததை வைத்து, சாதியற்ற சமூகம் ஒன்று இங்கே இருந்தது என்று முடிவு கட்டினார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

ஒரு குழியில் சிலை கிடைக்காததால் அங்கே ஏற்றத்தாழ்வு இல்லை என்று ஆகிவிடாது. பொன்னணிகளும் தந்தப் பகடையும் கிடைத்திருக்கின்றன. அவற்றை வைத்திருந்தவரும் பானை வனைந்தவரும் நூல் நூற்றவரும் ஒரே நிலையில் இருந்தார்கள் என்று ஓடுகள் சொல்லவில்லை. பொற்காலம் தேடுவது நம் வேலை அல்ல. ஆனால் அந்த ஓடுகள் ஒன்றைச் சொல்கின்றன. சாதாரணப் புழங்கு பானைகளில் ஆட்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். ஆதன் என்றும் குவிரன் என்றும் படிக்கப்பட்டிருக்கும் பெயர்கள் அவை. எழுத்து ஒரு சாரார் கையில் மட்டும் இருந்தது என்ற கதைக்கு அது எதிர்ச் சாட்சி. எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளான நமக்கு அந்தச் சாட்சி வேண்டும். ஆகவே கீழடிக்கு நிதி வேண்டும் என்பது நம் கோரிக்கையும்தான்.

கூடவே ஒன்றைக் கேட்க வேண்டும். அந்தக் குழிகளில் சுரண்டியும் மண் சுமந்தும் பொருள்களை வெளியே கொண்டுவந்தவர்கள் உள்ளூர்க் கூலித் தொழிலாளர்கள், அதிலும் பெண்கள் பலர். பானை ஓட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் அருங்காட்சியகம், அதை முதலில் கையில் எடுத்தவளுக்கு என்ன இடம் கொடுக்கிறது? நிதிக்காகப் போராடும்போதே இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்காவிட்டால், மீட்ட கட்டடத்துக்குள்ளும் நாம் பார்வையாளர்களாகவே நிற்போம்.

முதலில் வெட்டப்படுவது எது?

நிதி வெட்டு என்றால் ஏன் அருங்காட்சியகம் முதலில் மாட்டிக்கொள்கிறது? இதைப் புரிந்துகொள்ள ஒரு வெளிநாட்டு உதாரணம் உதவும்.

இங்கிலாந்தின் லங்காஷயர், பருத்தி ஆலைகளுக்குப் பெயர்போன நாடு. அடிமைகள் பறித்த அமெரிக்கப் பருத்தியும் இந்தியப் பருத்தியும் அந்த ஆலைகளில் துணியாயின. அந்தத் துணி இங்கே வந்து இறங்கி நம் நெசவாளர்களின் வயிற்றில் அடித்தது. அந்த ஆலைகளில் உழைத்த தொழிலாளர்களின் வரலாற்றைச் சொல்ல அங்கே உள்ளாட்சி நடத்தும் அருங்காட்சியகங்கள் உண்டு. பர்ன்லி நகரத்துக் குயின் ஸ்ட்ரீட் மில் அதில் ஒன்று. நீராவித் தறிகளைக் கொண்ட ஆலை அது.

2010-க்குப் பிறகு அந்நாட்டு அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் பணத்தைத் தொடர்ந்து குறைத்தது. 2015 இறுதியில் லங்காஷயர் கவுண்டி கவுன்சில் தன்னுடைய ஐந்து அருங்காட்சியகங்களுக்கான நிதியை நிறுத்தும் முடிவுக்கு வந்தது. ஊர்க்காரர்களும் தொழிற்சங்கத்தாரும் வரலாற்று ஆர்வலர்களும் கையெழுத்து வாங்கினார்கள், கூட்டம் போட்டார்கள். 2016-இல் குயின் ஸ்ட்ரீட் மில் மூடப்பட்டது. ஃப்ளீட்வுட் என்ற மீன்பிடித் துறைமுகத்து அருங்காட்சியகத்தை ஊர் மக்களே அறக்கட்டளை வைத்து ஏற்றுக்கொண்டார்கள். விடாத அழுத்தத்துக்குப் பிறகு குயின் ஸ்ட்ரீட் மில் 2018-இல் குறைந்த நாள்களுக்காவது திரும்பத் திறந்தது.

அந்நாட்டின் 1964-ஆம் ஆண்டுச் சட்டம் நூலகம் நடத்துவதை உள்ளாட்சிகளின் கடமை என்கிறது. அருங்காட்சியகத்தைப் பொறுத்தவரை நடத்தலாம் என்று மட்டும்தான் சொல்கிறது. கடமைக்கும் விருப்பத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான், பணம் குறையும்போது கத்தி எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. நூலகங்களும் அங்கே பல மூடப்பட்டன. ஆனால் மூடும்போது சட்டத்தைக் காட்டி வழக்காட ஓர் இடம் இருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 12-ஆம் பதிவில் நூலகமும் அருங்காட்சியகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் நூலகம் இருக்கிறது, பண்பாட்டு நடவடிக்கை இருக்கிறது, அருங்காட்சியகம் என்ற சொல் இல்லை. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையிலும் அந்தச் சொல் இல்லை. பண்பாட்டை வளர்ப்பது என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு முக்கியமான வித்தியாசம் உண்டு. 1948-இல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். அதற்குப் பின்னால் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரி சேர்த்து வசூலிக்கப்படுகிறது. இன்று வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும். குடிசைக்கு வரி கட்டுகிற நம் மக்களும் கட்டியிருக்கிறார்கள். உள்ளாட்சிகள் வசூலித்த அந்தப் பணத்தை நூலக ஆணைக் குழுவுக்குக் கட்டாமல் பாக்கி வைப்பது பழைய நோய். ஆனாலும் பாக்கி என்று சொல்லிக் கேட்க முடிகிறது. அருங்காட்சியகத்துக்கு அப்படி ஒரு வரியும் இல்லை, பாக்கி என்று கேட்க ஒரு வழியும் இல்லை.

சட்டமும் வரியும் இருந்த இடத்திலேயே என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். 2010 செப்டம்பரில் சென்னையில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, 2011 நவம்பரில் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. எழுத்தாளர்களும் மாணவர்களும் கிளர்ந்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் அதற்குப் பிறகான வருடங்கள்தான் பாடம். கட்டடம் நின்றது, பராமரிப்பு நின்றது. அடிப்படை வசதிகளைச் சரிசெய்யச் சொல்லி மறுபடியும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. மூடு என்ற ஆணையை எதிர்ப்பது எளிது. பட்டினி போடுவதை எதிர்க்கத் தினமும் கண்விழித்திருக்க வேண்டும்.

அரசு காக்காதபோது யார் காத்தார்கள்?

நம் வரலாற்றுக்கு நிதியே ஒதுக்கப்படவில்லை. அதனால் வெட்டவும் எதுவும் இருக்கவில்லை. ஒதுக்கீடு இல்லாத இடத்தில் ஒதுக்கல்தான் இருந்தது. அப்படியும் சில தப்பிப் பிழைத்தன.

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கினார். 1914-இல் தான் இறக்கும்வரை நடத்தினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் தமிழ் அறிவுலகத்துக்கு அவர் பெயரே தெரியாது. ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் வழியாக 1999-இல் அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவந்தது. எங்கிருந்து வந்தன அந்த இதழ்கள்? பௌத்தக் குடும்பங்களும் அன்பு பொன்னோவியம் போன்றவர்களும் வீட்டில் வைத்துக் காத்த தாள்களிலிருந்து. நம் தோழரின் தகரப் பெட்டியைப் போன்ற பெட்டிகளிலிருந்து. அந்தப் பெட்டிகள் ஒரு மழையில் நனைந்திருந்தால் இன்று பண்டிதர் நமக்கு இல்லை. 2023 டிசம்பரில் சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் மணிமண்டபத்துக்கு முன்னால் பெட்டி இருந்தது.

பாபாசாகேப் அம்பேத்கரின் தாள்களுக்கும் இதுதான் நேர்ந்தது. 1956-இல் அவர் மறைந்த பிறகு கையெழுத்துப் படிகள் வழக்குகளுக்கிடையே பெட்டிகளில் கிடந்தன. மகாராஷ்டிர அரசு 1976-இல் குழு அமைத்து, வசந்த் மூனின் பதிப்பில் 1979 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. அந்தப் பணம் சும்மா வந்துவிடவில்லை. தொடர்ந்து கேட்ட மக்களால் வந்தது. 1987-இல் வெளியான நான்காம் தொகுதியில் இராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய பின்னிணைப்பை நீக்கச் சொல்லிச் சாதி இந்து அமைப்புகள் கிளம்பின, அரசும் தயங்கியது. 1988 பிப்ரவரியில் பெருந்திரளான தலித் மக்கள் பம்பாய்த் தெருக்களில் இறங்கினார்கள். பின்னிணைப்பு நின்றது. அதில் உள்ள கருத்துகளோடு அரசுக்கு உடன்பாடில்லை என்ற ஒரு குறிப்பு மட்டும் சேர்ந்தது. அரசுப் பணத்தில் வெளிவரும் நூலின் ஒரு பகுதிக்காக, படிக்கத் தெரியாதவர்களும் சேர்ந்து நடந்த ஊர்வலம் அது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் காப்பது முதல் கட்டம். அது குடும்பத்தின் பாசத்தையும் கூரையின் உறுதியையும் நம்பியிருக்கிறது. பொதுப் பணத்தில் காக்கச் செய்வது இரண்டாம் கட்டம். அதை வெட்டவிடாமலும் திருத்தவிடாமலும் பார்த்துக்கொள்வது மூன்றாம் கட்டம். நம்மில் பலர் இன்னும் முதல் கட்டத்திலேயே நிற்கிறோம். தியாகமாக அதைப் பேசிப் பெருமைப்படுகிறோம். பெருமைப்படலாம். ஆனால் அக்காவின் பரண் ஓர் ஆவணக் காப்பகம் அல்ல. அந்தப் பாரத்தை அவர் தலையிலேயே வைத்துவிட்டு நாம் நினைவுப் பேருரை நடத்திக்கொண்டிருக்க முடியாது.

என்ன செய்யலாம்?

தீர்மானம் போட்டுக் கலையும் கூட்டமாக இது முடிய வேண்டாம். செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கெடுப்போம். இந்த மாவட்டத்தில் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது நமக்கே தெரியாது. நடுகல், பறை, பழைய பட்டா, பஞ்சமி நிலத்துக்கான மனு, சங்கத்தின் வரவுசெலவு நோட்டு, கலியாணப் பத்திரிகை, எல்லாமே ஆவணம். 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தை இன்று மீட்கப் போகிறவனிடம் முதலில் கேட்கப்படுவது காகிதம்தான். நமக்குப் பழைய தாள் என்பது நிலம். கல்லூரி மாணவர்கள் ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளைக் கேட்டு வாங்க வேண்டாம். படம் எடுங்கள், யாருடையது என்று எழுதுங்கள், அவர்களிடமே கொடுங்கள்.

இரண்டாவதாகக் கணக்குக் கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், மாவட்டத்தில் தொல்பொருள் பாதுகாப்புக்கும் அருங்காட்சியகப் பணிக்கும் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள், எத்தனை பணியிடம் காலி என்று கேளுங்கள். நூலக வரி எவ்வளவு வசூலானது, எவ்வளவு கட்டப்பட்டது என்றும் கேளுங்கள். நிதி வெட்டு அறிவிப்பாக வராது. இந்த எண்களுக்குள்தான் வரும்.

மூன்றாவதாகச் சட்டத்தைக் கேட்போம். நூலகத்துக்கு 1948-இல் வந்தது போல, உள்ளூர் அருங்காட்சியகத்தை உள்ளாட்சியின் கடமையாக்கும் சட்டமும் அதற்கு நிலையான நிதியும் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2024-இல் சட்டம் வந்திருக்கிறது. நம் வரலாற்றைக் காப்பதும் மேம்பாடுதான் என்று அந்தத் திட்டத்துக்குள் வாதாட வேண்டும். இப்போது ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. ஊர் நடுகல்லுக்குக் கூரை, சேரி வரலாற்றுக்கு ஓர் அறை என்று ஒரு தீர்மானமாவது ஒவ்வொரு ஊரிலும் பதிவாகட்டும். தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்ற மறுத்தால், மறுத்ததையும் எழுதி வையுங்கள். அதுவும் ஆவணம்.

நான்காவதாக, மற்றவர்களின் அருங்காட்சியகத்துக்காகவும் நிற்போம். கீழடி அறிக்கை முழுமையாக வெளிவர வேண்டும் என்ற குரலில் நம் குரலும் இருக்க வேண்டும். அங்கே வெட்ட முடிந்த கைக்கு இங்கே கொடுக்க மனம் வராது.

அக்கா இன்று முன்வரிசையில் இருக்கிறார். பெட்டியில் மிஞ்சியவற்றை மாணவர்கள் வெயிலில் உலர்த்தி, தாள் தாளாகப் பிரித்து, படமெடுத்து வைத்திருக்கிறார்கள். சுடுகாட்டுப் பாதை மனுவில் மை கலங்கிப்போனாலும் கைநாட்டுகள் தெரிகின்றன. பெயர் எழுதத் தெரியாதவர்கள் விரல் வைத்த மனு. அவர்களுடைய வாரிசுகள் சிலர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும்.

எங்கே கொடுத்து வைப்பது என்று அக்கா கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் இனித் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அடுத்த கிராமசபைக்கு நாம் சேர்ந்தே போவோம்.